கூப்பிடு பாறை

...புளிச்சோற்றில் புளி கூடிவிட்டது, சந்தேகமே இல்லை, விடியுமுன் எழுந்து அவசரத்தில் கிளறியதில் கை தப்பிவிட்டது, தூக்குச்சட்டியின் மூடி வண்டி குலுங்கும்போதெல்லாம் நகர்ந்து அந்த வாடையை விடுகிறது, பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், இவர் ஒரு வாய் தின்றுவிட்டு அவளை ஒரு பார்வை பார்ப்பார், பங்காளி சாத்தப்பன் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த இந்த இரண்டு வருஷமாக அவர் எதைப் போட்டாலும் மிச்சம் வைப்பதில்லை, எழுவதற்கு முன் இலையை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்கிறார், ஒரு பருக்கை கிடந்தாலும் விரலால் ஒற்றி எடுக்கிறார்... போன மாதம் அப்படி இலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார், நிமிராமல், அண்ணன் மனைவி முறை வைத்துக் கூப்பிட்டு, அவள் மோர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தபோது. ‘அண்ணமிண்டி, சின்னவனை எங்களுக்குப் பிள்ளையாக் குடுங்க.’ மோர் சிந்தவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆச்சரியம், கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. ‘தேனப்பன் சரின்னுட்டான். அது போதாது. நீங்க ஒங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லாம நான் பிள்ளையைத் தொடமாட்டேன்.’ சரி சொல்லிவிட்ட இவர், அவள் புருஷன், பக்கத்து இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நொறுக்க வேண்டியதற்கு மேலேயே நொறுக்கினார்.

இன்று பொழுது சாய்வதற்குள் சொல்லவேண்டும். நாளைக் காலையில் சாத்தப்பன் கோயிலுக்குப் போய், எடுத்துக்கொள்ளப்போவது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட வேண்டும், மாசி பிறந்தால் நாள் கிடையாது என்றுவிட்டார்கள். அது தெரிந்துதான் இந்த வில்வண்டிப் பயணம், ‘பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கூப்பிடு பாறைக்கு ஒரு நடை போயிட்டு வருவோமா, ஆவுடை’ என்று இவர் கேட்டபோதே அவளுக்குத் தெரியும், ஆவுடை என்று கூப்பிட்டதிலேயே தெரியும், மற்ற நாளில் ‘இந்தா’தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பாறை... ஒன்பது வருஷமாயிற்று, சின்னவன் வயிற்றில் இருக்கும்போது பார்த்தது. இந்தச் சமஸ்தானத்தில் மலைக்கும் குகைக்கும் குறைவில்லை, வெள்ளைக்காரர்கள்கூட வந்து படம் எழுதிக்கொண்டு போகிறார்கள், ஆனால் அவளுக்கு அதிசயம் என்றால் அது ஒன்றுதான். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆட்டைத் தழை காட்டிக் கூட்டிப் போகிற மாதிரி... சீ, சாத்தப்பன் அப்படிப்பட்டவரில்லை. அதுதான் கஷ்டமே. வெறுக்க ஒரு காரணம் கொடுத்திருந்தால் எவ்வளவு சௌகரியம். அவர் மனைவி கண்ணாத்தாள் இன்று வரவேயில்லை, வந்தால் பிள்ளையைப் பார்க்க வந்தது போலாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாளாம். ஒரு டப்பா நிறையச் சீடை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உதிராமல், கருகாமல், ஒன்றுபோல் உருண்டையாக. அவ்வளவு பொறுமை உள்ளவள்.

முன்பக்கம் ஆண்கள் இருவரும் எதிரெதிரே காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள், பெரியவன் வண்டிக்காரப் பிச்சையின் பக்கத்தில் தொற்றிக்கொண்டிருந்தான், பின்பக்கம் அவளும் சின்னவனும் கால்களைத் தொங்கப்போட்டு, ஓடிப்போகிற பாதையைப் பார்த்தபடி. செம்மண்ணில் இரண்டு சக்கரத் தடம், நடுவில் மாட்டின் குளம்பு. பின்னால் உட்கார்ந்தால் இப்படித்தான், வருவது தெரியாது, போனது மட்டும் தெரியும். சின்னவன் சீடை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எண்ணித் தின்கிறான். ஒன்பது வயது. பல் விழுந்து முளைத்த இடத்தில் ஒன்று கோணல். இவனைக் கொடுத்தால் எங்கே போய்விடப் போகிறான், கோனாபட்டு நாலு மைல், இதே வண்டியில் ஒரு மணி நேரம், என்று இவர் ஒரு நாள் இருட்டைப் பார்த்துச் சொன்னார். நாலு மைல்தான். ஆனால் பிறகு ஆத்தா என்று கூப்பிடமாட்டான், பெரியாத்தா என்பான். விருந்தாளி போல வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவள் செத்தால் பங்காளிகளில் ஒருவனாக நின்று பார்ப்பான். கொடுத்தால் கொடுத்ததுதான், இந்த ஊர்களில் அதைப் பாதி கொடுத்துப் பாதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கொடுக்காவிட்டாலோ, சாத்தப்பன் வீடு அவரோடு முடிந்தது, கோயில் கணக்கில் ஒரு வீடு, ஒரு புள்ளி அழியும், அவர் வேறு ஊரில் வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ கேட்பார், ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டில்தானே எடுக்கமுடியும், அதில் எத்தனை வீட்டில் இரண்டு பையன் இருக்கிறது. ‘உன் இஷ்டம்’ என்கிறார் இவர். நான் கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, உன் இஷ்டம்.

‘ஆத்தா, அந்தப் பாறை எல்லாரு பேரையும் சொல்லுமா?’ என்றான் சின்னவன், வாய் நிறையச் சீடையோடு. சொல்லும். ‘யாரு கூப்பிட்டாலும்?’ யார் கூப்பிட்டாலும். ‘அப்ப நீ எம் பேரைக் கூப்பிடு. மத்தவுக எல்லாம் எப்பவும்தான் கூப்பிடுறாக.’ அவள் அவன் வாயோரத்துத் துகளைத் துடைத்தாள். ‘எம் பேரைச் சொல்லு, இப்பச் சொல்லு, மெதுவாச் சொல்லு, யாருக்கும் கேக்காது.’ பெரியவன் முன்னாலிருந்து திரும்பாமலே கத்தினான்: ‘ஏய், ஆத்தா சொல்லமாட்டாகடா. ஒன் பேரு பெரியப்பச்சி பேரு. எம் பேரு ஐயா பேரு. ரெண்டு பேருக்கும் பேரே கிடையாது, போ.’ பிச்சை சிரித்தான், மாடுகூட ஒரு அடி தப்பியது போல இருந்தது.

உண்மைதான், என்ன சிரிப்பு இதில். மூத்தவனுக்கு மாமனார் பெயர், வழக்கப்படி. இரண்டாவது பிள்ளைக்குத் தன்னைப் பெற்ற அப்பச்சியின் பெயரை வைக்கலாம் என்று எவ்வளவு ஆசையாக இருந்தாள், வழக்கமும் அதுதான், ஆனால் அவன் பிறப்பதற்கு ஏழு மாதம் முன் பர்மாவில், மோல்மேனில், படகு கவிழ்ந்து இவருடைய அண்ணன் போய்விட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை, வீடே அந்தப் பெயரைக் கேட்டு அழுதது, யார் மறுக்கமுடியும். உடையப்பன். மனத்துக்குள் நினைக்கலாம், அதற்கு யார் வந்து தடுக்கப் போகிறார்கள், ஆனால் நாக்குக்கு வராது. கணவன் பெயர், மாமனார் பெயர், கணவனுக்கு மூத்தவர் பெயர், மூன்றும் விலக்கு. ஐயா, தம்பி, பெரியவன், சின்னவன், ராசா, எருமை, இப்படியே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாயிற்று. போன வருஷம் அரிசி கார்டு எழுத ஒரு குமாஸ்தா வந்தான், பிள்ளைகள் பேர் என்னம்மா என்றான், இவர் ஊரில் இல்லை, அவள் சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைக் காட்டினாள், அவன் படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மூக்காயியிடம் ‘இந்த அம்மா ஊமையா?’ என்று கேட்டான். ‘ஊமையா? வாயைத் தொறந்தா மூட வைக்க முடியாதுங்க. பேரு மட்டும் சொல்லாது’ என்று சொல்லி மூக்காயிதான் இரண்டு பெயரையும் எழுதவைத்தாள், அந்தத் தெருவில் போகிற ஆடுகூடச் சொல்லக்கூடிய பெயர், பெற்றவள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சிரித்தோம், இரண்டு நாள் சிரித்தோம்... சாத்தப்பன் கேட்ட அன்று கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். ‘எங்க அப்பச்சி பேரு வைக்கணும்னு கண்ணாத்தாளுக்கு ஆசை. பெரியகருப்பன்.’ ஏழெட்டுத் தலைமுறை தள்ளிய பங்காளி, அந்தப் பெயருக்கு அவள் வாயில் விலக்கு கிடையாது. மறுநாள் அடுக்களையில் யாரும் இல்லாதபோது, பால் பொங்கக் காத்திருக்கையில், ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பெரியகருப்பன். தடங்கல் இல்லாமல் வந்தது. யாரோ பார்த்துவிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள். பால் வழிந்துவிட்டது.

வண்டி உசிலமரத்தடியில் நின்றது. அதற்குமேல் பாறைதான், யானை படுத்திருக்கிற மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள், அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை, கவிழ்த்து வைத்த பெரிய சட்டி, அடி கருகிய சட்டி. பிச்சை மாட்டை அவிழ்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். ஏறும்போது பாறை இன்னும் குளிர்ச்சியாக இருந்தது, தை மாதக் காலை, பாதத்துக்கு இதமாக, மழை ஓடி ஓடி வெளுத்த தடத்தில் கால் வைத்து ஏறவேண்டும், கரும்பாசி பக்கம் வைக்கக்கூடாது, வழுக்கும், இது யாரும் சொல்லாமலே காலுக்கு நினைவிருக்கிறது. ஒன்பது வருஷத்தில் உடம்பு பெருத்துவிட்டது, மூச்சு வாங்கியது, பாறை கொஞ்சம்கூட மாறவில்லை. இவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். பிடிக்கலாமா, சாத்தப்பன் பார்க்கிறாரே... பிடித்தாள். அந்தக் கை வேர்த்திருந்தது. இவருக்கும் பயம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது, அது ஏன் அவளுக்கு ஆறுதலாக இருக்கவேண்டும்?

உச்சியைத் தாண்டினால் சுனை. ஏறி வந்த வெயிலுக்கும் வெறும் கல்லுக்கும் பிறகு திடீரென்று காலடியில் அவ்வளவு தண்ணீர், நீளவாக்கில் பிளந்த பாறைக்குள், கறுத்து, அசையாமல், ஓரத்தில் நாலு அல்லி. எதிரே பாறை செங்குத்தாக எழுந்து, மேலே வந்து உள்வாங்கிக் குவிந்திருக்கும், ஒரு பெரிய உள்ளங்கை போல. இந்தப் பக்கத்துத் தட்டைக் கல்லில் நின்று கூப்பிட்டால் அந்தக் கை வாங்கித் திருப்பித் தரும், மூன்று தரம், முதல் தரம் எதிரிலிருந்து, இரண்டாவது மேலேயிருந்து, மூன்றாவது தண்ணீருக்குள்ளிருந்து. அந்த மூன்றாவதுதான் அதிசயம். எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்லமுடியவில்லை. காற்று எழுவதற்கு முன் வரவேண்டும், மத்தியானத்துக்கு மேல் காற்று வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். பத்து வயதில் தன் சொந்தப் பெயரையே கூப்பிட்டுக்கொண்டு நின்றது... கல்யாணமான வருஷம் இவர் இங்கே கூட்டிவந்து ‘எம் பேரைக் கூப்பிடு, யாரும் இல்லை’ என்றார், எவ்வளவு கெஞ்சினார், கடைசியில் அவள் ‘ஏங்க!’ என்று கத்தினாள், பாறையும் ஏங்க, ஏங்க, ங்க என்றது, இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஒரு வருஷம் வரை வீட்டில் எதற்கெடுத்தாலும் ஏங்க, ங்க. அந்த மனுஷர் எங்கே போனார்? பர்மாக் கடை போனதோடு போய்விட்டாரா, அல்லது அதற்கு முன்பேயா?

பெரியவன் முதலில் தன் பெயரைக் கத்தினான், குரல் உடைகிற வயது, பாறை அந்த உடைந்த குரலையும் உடைத்துக் கொடுத்தது, அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு ‘உடையப்பா!’ என்று தம்பியின் பெயரைக் கூவினான். உடையப்பா... டையப்பா... ப்பா... அந்தக் கடைசி, தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. தண்ணீரில் போன மனிதரின் பெயர், தண்ணீர் அதைச் சொல்கிறது. இவர் முகத்தைப் பார்த்தாள். இவரும் கேட்டிருக்கிறார், மேல்துண்டை எடுத்துத் தேவையில்லாமல் உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ‘சித்தப்பச்சி, நீங்க கூப்பிடுங்க’ என்று சின்னவன் சாத்தப்பனின் கையைப் பிடித்து இழுத்தான், அவர் தட்டைக் கல்லின் விளிம்பு வரை போனார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ‘வேணாமப்பா. பர்மாவ விட்டு வர்றப்ப தமு ரோட்டுல இருபது நாள் கேட்டாச்சு. ராத்திரி பகல் யாராச்சும் யாரையாச்சும் கூப்பிட்டுக்கிட்டே வருவாக, பிள்ளையக் காணோம், பொண்டாட்டியக் காணோம்னு... ஒரு கூப்பாட்டுக்கும் பதில் வந்து நான் பாக்கல.’ அவ்வளவுதான் சொன்னார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த நடையைப் பற்றி அவர் பேசி அவள் கேட்டது அவ்வளவுதான். சின்னவன் புரியாமல் அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். அவர் அந்தக் கையைக் குனிந்து பார்த்த விதம், இலையைப் பார்க்கிற விதம்.

‘இப்ப ஆத்தா’ என்றான் சின்னவன். ஏன் இன்றைக்கென்று இந்தப் பிடிவாதம், ஒருவேளை தெரிந்திருக்குமோ, யார் சொல்லியிருப்பார்கள்? அவள் தட்டைக் கல்லுக்குப் போய் ‘தம்பீ!’ என்று கூப்பிட்டாள். தம்பீ, ம்பீ, பீ. பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான். சின்னவன் சிரிக்கவில்லை. ‘தம்பின்னா யாரு வேணா வருவான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் நான் வருவேன், பாத்துக்க.’ சரிடா, வராதே, போ, என்று அவன் தலையில் தட்டிவிட்டு இலை போடப் போனாள். புளி கூடித்தான் இருந்தது. ‘சுனைத் தண்ணிக்குப் புளிப்பே தெரியல, நல்லாருக்கு அண்ணமிண்டி’ என்றார் சாத்தப்பன். ‘இவன் பொய் சொல்லப் பழகிட்டான்’ என்றார் இவர். ‘நீ சொல்லாத உண்மைய நான் எதுக்குடா சொல்லணும்?’ என்றார் சாத்தப்பன். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஆறு வயதில் ஊருணியில் ஒருவரையொருவர் தள்ளிவிட்டவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, அந்த நேரத்தில் அவளால் சொல்லியிருக்க முடியும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றோ, மாட்டேன் என்றோ, எதுவானாலும் அந்தச் சிரிப்போடு எளிதாக வந்திருக்கும். தயிர்சாதம் பரிமாறவேண்டியிருந்தது.

சாப்பிட்டபின் ஆண்கள் பெரியவனைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப்பக்கம் பழைய கல் படுக்கைகளைப் பார்க்கப் போனார்கள், முனிவர்கள் படுத்ததாம், தலையணைகூடக் கல்லிலேயே. சின்னவன் வரமாட்டேன் என்று சுனையோரம் உட்கார்ந்து அல்லித் தண்டை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் பாறையின் நிழலில் சாய்ந்தாள். கண்ணை மூடினால் சொல்லவேண்டிய சொல் வந்து நிற்கிறது, கண்ணைத் திறந்தால் பிள்ளை. கொடுத்தால் கோனாபட்டில் ஒரே பிள்ளை, கண்ணாத்தாள் பல் விளக்கிவிடுவாள், கோணல் பல்லைப் பார்த்து வருத்தப்படுவாள், நல்ல பள்ளிக்கூடம், புதுக்கோட்டையில் காலேஜ்... இங்கே என்ன, அண்ணன் போட்ட சட்டை, அண்ணன் படித்த புத்தகம், செத்தவர் பெயர். அதற்காகக் கொடுத்துவிடுவதா? அல்லது அதற்காகக் கொடுக்காமல் இருப்பதா? அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போதே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அப்போதெல்லாம் கொடுத்தால் பிள்ளைக்கு நினைவிருக்காது... பெற்றவளுக்கு? எவ்வளவு நேரம் கண் மூடியிருந்தாளோ, காற்று இன்னும் வரவில்லை, விழித்தபோது சுனையோரம் யாரும் இல்லை.

சட்டை இருந்தது. மடித்து, மேலே ஒரு கல் வைத்து. அவன் மடிக்கிற பிள்ளையே இல்லையே. தண்ணீர் விளிம்புக்கு ஈரக் காலடி போயிருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை, இருக்கிறதா, வெயிலில் காய்ந்துவிட்டதா? அல்லி இலை ஒன்று மெல்ல ஆடியது, ஏன் ஆடுகிறது, காற்றில்லையே. ‘தம்பீ!’ தம்பீ, ம்பீ, பீ. ‘தம்பி, ஐயா, ராசா, ஆத்தாவைப் பாருடா, எங்கிட்டு இருக்கே?’ எல்லாம் திரும்பி வந்தது, அவள் சொன்னது அத்தனையும் முழுசாக, அவன் மட்டும் வரவில்லை. இந்தச் சுனையின் அடியை யாரும் பார்த்ததில்லை, உள்ளே கோயில் இருக்கிறது என்பார்கள். ஊருணியில் நாலு கை நீந்துவான், இதில்... பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவேன், பாத்துக்க. ஒளிந்திருக்கிறானா, விளையாட்டா, விளையாட்டாகவே இருக்கட்டும், சொல்லிவிடுகிறேன், பெயர்தானே, எந்தச் சாமி கோபித்தாலும் கோபிக்கட்டும், சொல்லிவிடுகிறேன். தட்டைக் கல்லில் நின்றாள். உதடு உ என்று குவிந்தது. குவிந்தே நின்றது. பதினைந்து வருஷம் மூடி வைத்த கதவு, தாழ்ப்பாள் இறுகிவிட்டது, அதோடு அந்தப் பெயர், அது முதலில் யாருடையது, தண்ணீர் கொண்டுபோன பெயரைத் தண்ணீரைப் பார்த்துக் கூவுவதா, யார் எழுந்து வருவார்கள்... ஒரு பெயர் வேண்டும், அவனைக் கூப்பிட ஏதாவது ஒரு பெயர் வேண்டும், ‘பெரியகருப்பா!’ என்று அவள் கூவினாள்.

அடிவயிற்றிலிருந்து வந்தது. பெரியகருப்பா, என்றது எதிர்ப்பாறை. கருப்பா, என்றது மேலே. மூன்றாவது வருவதற்குள் வலப்பக்கத்து இடுக்கிலிருந்து சின்னவன் எழுந்து நின்றான், வெற்று மார்பு, தலை நனையவே இல்லை. ‘வந்துட்டேன்’ என்றான்.

அவள் ஓடிப்போய் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், பிறகு அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள், கொதித்துக்கிடந்தது முதுகு. அப்போதுதான் மேட்டின்மேல் காலடிச் சத்தம், சாத்தப்பன் வெறுங்காலோடு சரிந்து ஓடிவந்தார், கரும்பாசியில் கால் வைத்து விழப்போய்ச் சமாளித்து வந்து நின்றார், பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பின்னால் இவரும் பெரியவனும். சாத்தப்பன் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார், இரண்டு கையையும் கூப்பினார், அவளைப் பார்த்தா, பாறையைப் பார்த்தா, தெரியவில்லை. ‘எங்க அப்பச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க... கூப்பிட்டா ஆள் வரும்கிறதையே நான் மறந்துபோயிட்டேன் அண்ணமிண்டி.’ துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து சொன்னார்: ‘ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்க.’

இல்லை. அதில்லை. வாயில் வேறு பெயர் வரவில்லை, அவ்வளவுதான், உங்களுக்குத் தெரியாதா எங்களுக்கு எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று? அவள் இவரைப் பார்த்தாள், இவருக்குத் தெரிந்திருக்கும், ‘ஏங்க’ என்று கத்தியவள் இவருடைய மனைவி, இவர் சொல்லட்டும், டேய், அவ பயத்துல கூப்பிட்டிருக்கா என்று ஒரு வார்த்தை. இவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், நிஜமாகத்தானா என்று கேட்கிற கண், அதில் ஒரு பாதி வேண்டாமே என்று கெஞ்சியது போலக்கூட இருந்தது, அதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்? துண்டுக்குள் அழுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது, கொஞ்சம் பொறு, எழுந்திருக்கட்டும், முகம் கழுவட்டும். முகம் கழுவினார். இறங்கும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். இறங்கும்போது பாறை சுட்டது, எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினார்கள். வண்டியில் ஏறியதும் சொல்லலாம். வண்டியில் ஏறியதும் பிச்சை மாட்டுக்கு லாடம் தேய்ந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், இவர் மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

காற்று எழுந்துவிட்டது. பின்பக்கம் அவளும் சின்னவனும், ஓடிப்போகிற பாதை, காலையில் போட்ட தடத்தின்மேலேயே திரும்பிப் போகிற தடம். ‘அது எனக்கு வைக்கப்போற பேரா ஆத்தா?’ என்றான் அவன், மெதுவாக, முன்னால் கேட்காதபடி. யார் சொன்னது? ‘அண்ணன். நேத்தே சொல்லிட்டான்.’ அப்படியானால் தெரிந்தேதான். ‘தெரிஞ்சும் அந்தப் பேருக்கு ஏன்டா எந்திரிச்சு வந்தே?’ அவன் யோசித்தான், கோணல் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே. ‘நீ கூப்பிட்டியே’ என்றான்.

கோனாபட்டுக்குப் பிரிகிற இடத்தில் வண்டி நின்றது, சாத்தப்பன் இறங்கி, டப்பாவை வாங்கிக்கொண்டு, காலியாக இருப்பதைத் திறந்து பார்த்துச் சிரித்தார், கண்ணாத்தாளிடம் காட்டவேண்டும் என்றார். பிறகு பின்பக்கம் வந்தார். பிள்ளையைத் தொடவில்லை. ‘காலையில கோயிலுக்குப் போறேன் அண்ணமிண்டி. நீங்க ஏதும் சொல்லணுமா?’ அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கவேண்டிய அவசியமே இல்லாத கேள்வியை எதற்குக் கேட்கிறார், தெரிந்திருக்கிறது, அந்த வெயிலில் மூன்று மைல் யோசித்து, அவள் வாய்க்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறார். நல்ல மனிதர். இவர் முன்னால் முதுகு நிமிர்ந்து, திரும்பாமல், காதாக உட்கார்ந்திருந்தார். ‘வெயிலாருக்கு, ஓரமாப் போங்க’ என்றாள் அவள். அதுதான் வந்தது.

வண்டி நகர்ந்தது. அந்தப் பாதையில் அவர் போவது பின்பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது, ஒரு கையில் டப்பா, துண்டைத் தலையில் போட்டிருந்தார், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார், ஒரு குரல் கொடுத்தால் நிற்பார், வருவார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். பொட்டல்காடு, இங்கே ஒரு குரல் ஒரு தரம்தான் கேட்கும். கூப்பிடவேண்டியதுதானே... பயத்தில் வந்த பெயர்தான், வேறென்ன. ஆனால் அடுக்களையில் பால் பொங்கக் காத்திருந்தபோது என்ன பயம் இருந்தது? சுனைமேல் நின்று முழுத் தொண்டையைத் திறந்து தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளே, அவன் பிறந்து ஒன்பது வருஷத்தில் முதல் தரமாக, அவன் எழுந்து நின்றானே, அந்த நொடியில், அவன் உயிரோடு நிற்கிறான் என்பதற்கும் முன்னால், நெஞ்சில் ஒன்று நிறைந்ததே, அது என்ன? அவனை வைத்துக்கொண்டால் அது இனி இல்லை. ‘ஆத்தா’ என்றான் சின்னவன், அவள் தோளில் தலையைச் சாய்த்து, பாதித் தூக்கத்தில், ‘இன்னொரு தரம் கூப்பிடு.’ எந்தப் பெயரை என்று அவன் சொல்லவில்லை. டப்பாவின் மேல் வெயில் பட்டு ஒருமுறை மின்னியது, இன்னும் கேட்கிற தூரம்தான். ‘தம்பி’ என்றாள். அவன் திரும்பவில்லை, தூங்கிவிட்டானா, காத்திருக்கிறானா, குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.